சேணக்காரர் ஊர்

ஊர்கள் இருவகையாற் பெயர் பெறுகின்றன. மண் கொடுக்கும் பெயர் ஒன்று. கை கொடுக்கும் பெயர் மற்றொன்று. கறுத்தக்கொழும்பான் என்றவுடன் யாழ்ப்பாணம் நினைவிலே தோன்றுகின்றது. அது மண்ணின் பெருமை. கைத்தறிச் சேலை என்றவுடன் மருதமுனை நினைவுக்கு வருகின்றது. அது கையின் பெருமை. முன்னையது இயற்கை அளித்த கொடை; பின்னையது தலைமுறை தலைமுறையாக மனிதர் தேடி வைத்த தேட்டம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே, பேர்மிங்ஹாம் மாநகருக்கு வடமேற்கே ஏறக்குறைய 9 மைல் தொலைவில் இருக்கும் வோல்சோல் என்னும் நகரம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. குதிரைச் சேணம் தைத்தே உலகறியப் பெயர் பெற்ற ஊர் அது. 1888ஆம் ஆண்டில் அங்கு தோன்றிய உதைபந்தாட்டக் கழகத்துக்கு மக்கள் அன்போடு வழங்கும் பெயர் ‘சேணக்காரர்’ என்பதாகும். தம் விளையாட்டு வீரருக்குச் சிங்கம் என்றும் கழுகு என்றும் பெயர் சூட்டும் ஊர்கள் பல. தோல் தைக்கும் தொழிலாளியின் பெயரைச் சூட்டி மகிழும் ஊரை நாம் கண்டது இதுவே முதன்முறை.

சேணத்தைக் காண்பதற்காக மாத்திரம் நாம் அங்கு செல்லவில்லை. பழைய மோட்டார்ச் சைக்கிள்களைத் திருத்திப் புதுக்குவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட அன்பர் பலர் இங்கிலாந்தில் உளர். அவர்களுட் சிலர் இரும்பு வேலையோடு நில்லாது தோல் வேலையையும் கற்றுக்கொள்கின்றனர். எண்ணெயும் புகையும் படிந்த கைகளுக்கும் ஊசிநூலுக்கும் என்ன உறவு? அந்த உறவை அறிய விரும்புவோர் செல்லவேண்டிய இடம் வோல்சோலும் அதனைச் சூழ்ந்த நாடுமே ஆகும்.

பேர்மிங்ஹாமில் புகையிரதம் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வோல்சோலை அடைந்துவிடலாம். வழியெங்கும் செங்கற் கட்டடங்கள், கால்வாய்கள், பழைய தொழிற்சாலைகளின் சுவர்கள். நிலக்கரியும் இரும்பும் விளைந்த பூமி இது. வோல்சோலின் முதற்றொழிலும் இரும்புத் தொழிலே. 1540ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து முழுவதையும் சுற்றிக் குறிப்பெழுதிய யோன் லீலண்ட் என்பார், இவ்வூரில் கொல்லரும் கடிவாள இரும்பு செய்வோரும் பலர் உளர் என்று எழுதி வைத்தார். குதிரையின் வாயில் இடும் இரும்பு, ஏறுவோன் காலூன்றும் அங்கவடி, வார்களை மாட்டும் கொளுக்கி ஆகியன அவர்கள் கைப்பட உருவாயின.

இரும்பு இருந்தால் அதனைப் பிணைக்கும் வாரும் வேண்டுமல்லவா? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்வூரார் தோலையும் கையிலெடுத்தனர். அக்காலத்தில் வண்டி இழுத்தது குதிரை, உழுதது குதிரை, போருக்குச் சென்றதும் குதிரை. பிரித்தானியப் பேரரசு எங்கெல்லாம் பரந்திருந்ததோ அங்கெல்லாம் வோல்சோல் சேணங்களும் சென்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தோலை நம்பி வாழ்ந்தன. வெட்டும் வேலை பெரும்பாலும் ஆடவருக்குரியதாக, தைக்கும் வேலையில் பெண்கள் பெருந்தொகையினராக இருந்தனர்.

பின்னர் மோட்டார் வந்தது. குதிரை தெருவிலிருந்து விலகியது. சேணக்காரர் ஊர் அத்துடன் அழிந்திருக்கவேண்டும் என்றே எவரும் எண்ணுவர். அது அழியவில்லை. சேணம் தைத்த கைகள் பணப்பை தைத்தன, கைப்பை தைத்தன, இடுப்புப்பட்டி தைத்தன. இரண்டாம் எலிசபெத் மகாராணியார் பொதுநிகழ்ச்சிகளில் கையில் மாட்டிக்கொண்டு தோன்றிய லோனர் நிறுவனக் கைப்பைகள் இவ்வூரில் தைக்கப்பட்டவையே. மோட்டாரும் தோலை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. அதனைக் காண அயலூர்களை ஒருமுறை சுற்றி வருதல் வேண்டும்.

மோட்டார்ச் சைக்கிளின் தாயகங்களுள் ஒன்று இந்நாடு. 1861இல் துப்பாக்கி செய்வோர் பலர் ஒன்றுகூடிப் பேர்மிங்ஹாமில் அமைத்த நிறுவனமே பீ. எஸ். ஏ. என்பது. சுமோல் ஹீத் என்னும் பகுதியில் இருந்த அதன் தொழிற்சாலை, முதலில் துப்பாக்கியும் பின்னர் துவிச்சக்கர வண்டியும் செய்து, 1910இல் தன் முதலாவது மோட்டார்ச் சைக்கிளை மக்கள் முன் வைத்தது. 1940 நவம்பரில் அத்தொழிற்சாலைமீது ஜேர்மனியர் குண்டு வீசினர். இரவு வேலையிலிருந்த 53 தொழிலாளர் உயிரிழந்தனர். அஸ்டன் பகுதியில் நோர்ட்டன், செலி ஓக்கில் ஏரியல், ஹோல் கிறீனில் வெலோசெட், வோல்வர்ஹம்ப்டனில் ஏ. ஜே. எஸ்., சற்றுத் தொலைவிற் கொவென்றியில் திரையம்ப் எனப் பெயர் பெற்ற வண்டிகள் பலவும் இவ்வட்டாரத்திலேயே பிறந்தன. எமது பாட்டனார் தலைமுறையினருக்கு இப்பெயர்கள் புதியனவல்ல. இலங்கையின் தெருக்களிலும் இவ்வண்டிகள் ஓடின.

இவற்றுள் எம் மனத்தை மிகவும் கவர்ந்த கதை பேர்மிங்ஹாமுக்குத் தெற்கேயுள்ள றெடிச் என்னும் ஊரின் கதையாகும். றெடிச் ஊசி செய்யும் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் பயன்படுத்திய தையல் ஊசிகளிற் பெரும்பகுதி அங்கிருந்தே சென்றது. அவ்வூரின் அயலிலே ஜோர்ஜ் டவுன்செண்ட் என்பவர் 1851இல் தொடங்கிய ஊசித் தொழிற்சாலை, காலப்போக்கில் துவிச்சக்கர வண்டி செய்யத் தலைப்பட்டது. அதன் வழிவந்த நிறுவனமே 1901இல் முதலாவது றோயல் என்பீல்ட் மோட்டார்ச் சைக்கிளைச் செய்தது. ஊசியிலிருந்து பிறந்த வண்டி அது! தோலும் ஊசியும் மோட்டாரும் இந்த நாட்டில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பழைய மோட்டார்ச் சைக்கிளிலே தோல் எங்கெங்கு இருந்தது என்பதை இக்காலத்து இளைஞர் அறியார். முற்காலத்து வண்டிகள் சிலவற்றில் என்ஜினின் சுழற்சியைப் பின்சில்லுக்குக் கொண்டு சென்றது தோல் வாரே. மழை பெய்தால் வார் வழுக்கும், வண்டி நிற்கும். ஆயுதங்களை வைக்கும் பையும் தோலினாலானது. காற்றடிக்கும் பம்பினுள்ளே தோல் வாசர் இருந்தது. எமது முற்றத்திலே துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடித்த சிறுவர் அனைவரும் அறிவர்: வாசர் காய்ந்துபோனால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது, தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் ஏறும்.

எல்லாவற்றுக்கும் மேலானது இருக்கை. இன்றைய வண்டிகளிற் காணும் நீண்ட பஞ்சு இருக்கை 1950களிலேயே பரவலாயிற்று. அதற்கு முன் இருந்தது ஒருவர் மாத்திரம் அமரும் சேணமே. பெயரும் சேணம், உருவமும் சேணம். சுருள்வில்களின்மேல் இரும்புச் சட்டம். அதன்மேல் இழுத்துக் கட்டிய தடித்த தோல், அல்லது கம்பளித் தகட்டைப் போர்த்த தோலுறை. இத்தகைய இருக்கைகள் செய்து புகழ்பெற்ற புறூக்ஸ் நிறுவனம் 1866இல் பேர்மிங்ஹாமில் குதிரைச் சேணமும் தோற்பொருளும் செய்யும் கடையாகவே தொடங்கியது. குதிரையை விட்டுச் சில்லுக்கு மாறிய காலத்திலும் மனிதன் தான் அமரும் இடத்துக்குச் சேணக்காரனையே நாடினான்.

பழைய வண்டி ஒன்றைப் புதுக்குவோர்க்கு நேரும் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. எழுபது எண்பது ஆண்டு கொட்டிலிற் கிடந்த வண்டியை எடுத்துப் பாருங்கள். இரும்பிலே துரு ஏறியிருக்கும், தேய்த்தாற் போகும். உட்பாகங்கள் தேய்ந்திருக்கும், கடைந்து புதிதாக இடலாம். தோலுக்கு நேரும் நோயோ வேறு. தொழிற்சாலைப் புகை நிறைந்த நகரக் காற்றிலுள்ள அமிலம், மரப்பட்டையாற் பதனிட்ட தோலை மெல்ல மெல்ல அரித்து, தொட்டாற் செந்தூளாக உதிரும்படி செய்துவிடும. ஒருமுறை உதிரத் தொடங்கிய தோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த மருந்தும் இல்லை. புதிதாகத் தைப்பது ஒன்றே வழி. தைத்துக் கொடுப்போரும் வர வர அருகிவிட்டனர். ஆகவே வண்டிக்காரரே தோல் வேலையைக் கற்கலாயினர்.

வோல்சோலிலே பழைய தோற்றொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் 1988ஆம் ஆண்டு தோல் அருங்காட்சியகம் திறந்து வைக்கப்பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துப் பூட்டிவிடாது, தொழிலாளரின் மேசையையும் ஆயுதங்களையும் அவர்கள் கைத்திறனையும் கண்முன் காட்டும் இடமாக அது அமைந்தது. அங்கே முதிய கைவினைஞர் ஒருவர் தைப்பதை நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் தேர்ந்தெடுத்தது மரப்பட்டையின் துவர்ப்பினாற் பதனிட்ட தோல். தோல் பதனிடுதல் இருவகை. குரோமிய உப்பினாற் பதனிட்டால் வேலை விரைவில் முடியும். தோலும் துணிபோல் மென்மையாயிருக்கும். மரப்பட்டையினாற் பதனிடுவதற்கோ வாரக்கணக்கு, சிலவேளை மாதக்கணக்கு ஆகும். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் ஓக் மரப்பட்டை கொண்டு பழைய முறையிற் பதனிடும் இடம் ஒன்றில் தடித்த தோலுக்கு ஓராண்டுக்கு மேற் செல்லும். காத்திருந்தமைக்குக் கைம்மாறு உண்டு. இத்தோலை நீரில் ஊறவைத்து அச்சின்மேல் அழுத்தி உலரவிட்டால் கொடுத்த வடிவத்தை விடாது. இருக்கை செய்வதற்கு வேண்டிய குணம் இதுவே.

தோலை வெட்டிய பின்னர், சீப்புப்போன்ற பற்களையுடைய உளியால் ஓரத்தில் அடையாளமிட்டார். கடிவாள வார்போன்ற நுண்ணிய வேலைக்கு அங்குலத்துக்கு 10 அல்லது 12 தையல். பைக்கு 7 அல்லது 8 போதும். வளைந்த இரு பலகைகளாலான மரக்கவ்வியைத் தொடைகளுக்கிடையே வைத்து அதிலே தோலைப் பிடித்துக்கொண்டார். தேன்மெழுகு பூசிய லினன் நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகள். குத்தூசியாற் துளையிட்டு, அத்துளையூடே இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தி இழுத்தார். துளையிடுவது குத்தூசியே ஆதலால் தையல் ஊசிகளின் முனை மழுங்கியே இருக்கும்.

இயந்திரத் தையலுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை அவர் விளக்கினார். இயந்திரம் மேலொரு நூலும் கீழொரு நூலுமாக இரண்டையும் கொளுவித் தைக்கின்றது. ஓரிடத்தில் அறுந்தால் வரிசையே அவிழக்கூடும். சேணத் தையலிலோ ஒரு நூலே இருபுறமும் மாறி மாறிச் செல்கின்றது. ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். ஓடும் குதிரையின்மீது வார் அறுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் அக்காலத்தார் கண்ட தையல் இது. “அவசரப்பட்டால் துளை பெருக்கும்” என்று மாத்திரம் அவர் இடையிடையே சொன்னார்.

இரும்பு வேலை தெரிந்தோர் தோல் வேலைக்கு வரும்போது முதலிற் கற்கும் பாடம் ஒன்றுண்டு. மரத்துவர்ப்பு ஊறிய தோல் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் கருத்துவிடும். எமக்கு இது வியப்பன்று. கடுக்காய்ச் சாற்றிலே இரும்பை இட்டு எழுதும் மை காய்ச்சியவர் எம் முன்னோர். மையின் இரசாயனமும் இந்தக் கறையின் இரசாயனமும் ஒன்றே. ஆதலால் இரும்பு அன்றிச் செம்பு, பித்தளை ஆணிகளையே தோல் வேலையிற் பெரிதும் விரும்புவர். என்ஜினைத் திருத்துவோனுக்கும் தோல் தைப்போனுக்கும் பொதுவான அறிவு இவ்வாறு பல.

இந்த அறிவின் அருமையை உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே கூறுதல் வேண்டும். பேர்மிங்ஹாமுக்கும் கொவென்றிக்கும் இடையே 1984இல் திறக்கப்பட்ட தேசிய மோட்டார்ச் சைக்கிள் அருங்காட்சியகத்தில் பிரித்தானியாவிற் செய்த வண்டிகள் நூற்றுக்கணக்கில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. 2003 செப்ரெம்பர் 16ஆந் தேதி மூண்ட பெருந்தீ 300க்கு மேற்பட்ட வண்டிகளை எரித்தது. இரும்புச் சட்டங்கள் கருகியும் வளைந்தும் எஞ்சின; அலுமினியம் உருகி ஓடியது; தோல் அடியோடு சாம்பலாயிற்று. ஆயினும் அடுத்த ஆண்டே அருங்காட்சியகம் மீண்டும் திறந்தது. எரிந்தவற்றுட் பல புதுக்கப்பட்டு மறுபடியும் தம் இடங்களில் வந்து நின்றன. பொருளைத் தீ எரிக்கலாம். கை தெரிந்த மனிதர் இருக்கும்வரை தொழிலை எரிக்க இயலாது. கை தெரிந்த மனிதர் அற்றுப்போனாலோ தீ மூளாமலே தொழில் அழிந்துவிடும்.

அந்த அச்சம் வெறுங்கற்பனையன்று. மரபுக் கைவினைகளைப் பேணும் பிரித்தானியச் சங்கம் ஒன்று அழிவை எதிர்நோக்கும் கைத்தொழில்களின் பட்டியலை 2017 முதல் வெளியிட்டு வருகின்றது. லீலண்ட் கண்டு எழுதிய கடிவாள இரும்புத் தொழிலும் அப்பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றது. பொழுதுபோக்காகக் கற்போர் ஒரு தொழிலின் முழுப் பாரத்தையும் தாங்கமாட்டார். ஆனால் நூல் அறுந்துபோகாமற் பிடித்திருக்க அவர்களால் இயலும். சேணத் தையலின் மறுபக்கத்து இழைபோல!

தொழில் ஊரைச் சார்ந்ததன்று. கையைச் சார்ந்தது என்பதற்கு எமக்கு அண்மையிலேயே ஒரு சான்றுண்டு. 1955இல் றெடிச் நிறுவனம் சென்னையிலுள்ள மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. 1967இல் றெடிச்சிலிருந்த தொழிற்சாலை மூடப்பட்டது. சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் அவ்வண்டியின் உற்பத்தியே முடிவுற்றது. சென்னையிலோ அது நிற்கவில்லை. ஊசிக்காரரின் வண்டி தமிழ்த் தொழிலாளரின் கையில் உயிர் வாழ்கின்றது.

தோலின் கதையும் அத்தகையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆவாரம்பட்டையாற் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல்கள் பெருந்தொகையாக இலண்டனுக்குக் கப்பலேறின. முதலாம் உலகப் போரிலே பிரித்தானியப் படைவீரரின் பாதணிகளுக்கும் அத்தோல் பயன்பட்டது. எமது கடுக்காயும் ஆங்கிலேயரின் பதனிடும் தொட்டிகளுக்குச் சென்றது. ஆங்கிலத் தோற்றொழிலின் பெருமையிலே, பெயர் எழுதப்படாத தமிழ்த் தொழிலாளரின் பங்கும் உண்டு.

அவர்களுக்கு நாம் என்ன பெயர் கொடுத்தோம்? வோல்சோல் மக்கள் தோற்றொழிலாளியின் பெயரை விருதாகச் சூட்டினர். நாம் அதனை வசையாக்கினோம். தோலைத் தொட்ட கையை ஊருக்கு வெளியே நிறுத்தினோம். கோயிலினுள்ளே மிருதங்கமும் தவிலும் முழங்க, அவற்றுக்குத் தோல் பதனிட்டுக் கொடுத்தவரை வாயிலுக்கு அப்பால் வைத்தோம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசத்துக்காக மனிதர் போராட வேண்டியிருந்ததை நாம் மறந்துவிடலாகாது. இழிவு சுமத்தப்பட்ட தொழிலை அதனைச் செய்தோரின் பிள்ளைகள் விட்டு விலகுவது நியாயமே. விலகாதிருக்க நாம் அவர்களுக்கு என்ன காரணம் கொடுத்திருக்கிறோம்?

கைத்திறன் எமக்கு அயலானதன்று. 1990களில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வடக்கே வரத் தடையிருந்த காலத்தில், அரை நூற்றாண்டுப் பழைமையான ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வண்டிகளை மண்ணெண்ணெயிலும் ஓடவைத்தனர் யாழ்ப்பாணத்துத் தொழிலாளர். ஆங்கிலேயர் பொழுதுபோக்காகச் செய்வதை எம்மவர் உயிர்வாழ்வதற்காகச் செய்தனர். அத்திறனைப் படிப்புக்கு அடுத்தபடியிலே வைத்து எண்ணும் பழக்கமே எம்மிடம் மாறவேண்டியது.

தோல் வேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கூரிய கத்தி ஒன்று, குத்தூசி ஒன்று, ஊசி இரண்டு, மெழுகிட்ட நூல், ஒரு துண்டுத் தோல் ஆகியன போதும். அடுத்த விடுமுறையிலே மாணவர் எவரேனும் தம் பாடசாலைப் பையின் அறுந்த வாரைச் சேணத் தையலினால் தைத்துப் பார்க்கட்டும். தைத்து முடித்தபின் சந்தைக் கோடியிலே பாதணி தைக்கும் முதியவரிடம் அதனைக் கொண்டுசென்று, “ஐயா, பிழை எங்கே என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்கட்டும். அவர் காட்டும் பிழையைத் திருத்திக்கொண்டு மறுநாளும் செல்லட்டும்.